‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் அல்ல: கருப்பை வாய்ப் பரிசோதனையும் மறைக்கப்படும் விளக்கமும்

சென்ற ஆண்டு ஒரு மாலை, வீட்டுமனைப் பட்டா வழக்கு தொடர்பாக என் அலுவலகத்திற்கு வந்த பெண்ணொருவர், பேச்சு முடிந்த பின்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தார். வயது முப்பத்தெட்டு. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். மருத்துவ முகாம் ஒன்றில் தரப்பட்ட சீட்டு அது. பெயர், வயது, தேதி. அவற்றின் கீழே ‘வி.ஐ.ஏ. பாசிட்டிவ்’ என்ற இரண்டு சொற்கள். வேறொன்றும் இல்லை.

“எனக்குப் புத்து வந்திருச்சா வக்கீலம்மா?” என்று கேட்டார்.

முகாமில் யாரும் எதையும் விளக்கவில்லை. அஞ்சிப்போய்த் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருக்கிறார். அங்கே சீட்டைப் பார்த்தவர்கள், “கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது, விட்டால் புற்றாகிவிடும்” என்று சொல்லி அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். முன்பணம் கட்டுவதற்காகத் தாலிக்கொடியில் கோத்திருந்த குண்டுமணிகளை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார். என்னிடம் அவர் கேட்க நினைத்தது மருத்துவம் பற்றியன்று. மீதிப் பணத்துக்குக் கடன் கிடைக்குமா என்பதைத்தான்.

அந்தச் சீட்டுக்கும் அந்த அறுவைக்கும் இடையே மருத்துவ அறிவியல் குறைந்தது மூன்று படிகளை வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட அவருக்குச் சொல்லப்படவில்லை. இது தகவல் குறைபாடு மட்டுமன்று. ஒரு பெண்ணின் உடல்மீது அவளுக்குள்ள உரிமை பறிபோகும் வழி இது. யாருக்கு விளக்கப்படுகிறது, யாருக்குச் சீட்டு மட்டும் நீட்டப்படுகிறது என்ற கேள்வியில் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கின்றன. எனவே, பரிசோதனை எப்படி நடக்கிறது, முடிவுகளின் பொருள் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டு சட்டத்திற்கு வருவோம்.

நோயின் நீண்ட பாதை

கருப்பை வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுக்கு அடுத்து மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி அவ்வாண்டில் இந்தியாவில் 1,27,526 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 79,906 பெண்கள் இதனால் இறந்தனர். பெருமளவு தடுக்கக்கூடிய ஒரு நோய்க்குக் கொடுக்கப்பட்ட உயிர்கள் இவை.

இந்நோய்க்கு ஏறத்தாழ முற்றிலும் காரணமாக இருப்பது மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் எச்.பி.வி. இவ்வைரசுக்கும் இப்புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹாவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. 16, 18 ஆகிய இரு வகைகளே உலகில் பத்தில் ஏழு கருப்பை வாய்ப் புற்றுகளுக்குக் காரணம்.

இது பாலுறவுத் தொடர்பால் பரவுகிறது. பாலுறவு வாழ்வில் இருக்கும் பெரும்பாலான ஆண்களையும் பெண்களையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றுகிறது. பத்தில் ஒன்பது பேரிடம் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை வெளியேற்றிவிடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கி, கருப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றுகிறது. இயல்பான நோயெதிர்ப்பு உள்ள பெண்ணிடம் அந்த மாற்றம் புற்றாக முதிர்வதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களிடம் அது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இந்த நீண்ட இடைவெளியில் எப்போது கண்டறிந்தாலும் புற்றாவதற்கு முன்பே தடுத்துவிடலாம். இரண்டாவது, இத்தொற்று யாருடைய ஒழுக்கத்திற்கும் சான்றன்று. வைரஸ் பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கக்கூடியது. ஆகவே யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. குடும்ப நீதிமன்றத்திலோ, ஊர்ப் பஞ்சாயத்திலோ, வீட்டுத் திண்ணையிலோ இந்த முடிவைக் காட்டி ஒரு பெண்ணின்மீது பழி சுமத்துவோருக்கு அறிவியலில் இடமில்லை.

மூன்று பரிசோதனைகள்

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரவலாகச் செய்யப்படுவது வி.ஐ.ஏ. எனும் பரிசோதனை. பெண்ணுறுப்பில் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கருப்பை வாயைத் தெரியச் செய்து, 3 முதல் 5 விழுக்காடு அடர்த்தியுள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். அது நீர்த்த வினிகர் போன்றதுதான். ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும்போது, மாறுதலடைந்த செல்கள் இருக்கும் இடம் வெண்திட்டாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். செலவு மிகக் குறைவு. முடிவு அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் இது கண்ணால் பார்த்துச் சொல்லும் முடிவு. அழற்சியோ வேறு தொற்றோ இருந்தாலும் வெண்திட்டு தோன்றலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இம்முறை அவ்வளவாகப் பொருந்தாது.

இரண்டாவது, பாப் ஸ்மியர். கருப்பை வாயிலிருந்து சில செல்களைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. ஆய்வகமும் பயிற்சி பெற்ற செல்லியல் நிபுணரும் தேவை. முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. புற்றுக்கு வழிவகுக்கும் வைரஸ் வகைகள் இருக்கின்றனவா என்று நேரடியாகத் தேடுவது. மூன்றிலும் நம்பகமானது இதுவே. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதன்மைப் பரிசோதனையாக இதையே பரிந்துரைத்தது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாதிரியைப் பெண்ணே தனிமையில் எடுத்துத் தரலாம். தொடுவதிலும் பேசுவதிலும் சாதி பார்க்கப்படும் ஓர் அறையில் ஆடை களைந்து படுக்கத் தயங்கும் பெண்ணுக்கு இது சிறிய வேறுபாடன்று.

முடிவுகள் சொல்வது என்ன?

‘நெகட்டிவ்’ என்றால் இப்போது கவலைப்படத்தக்க மாற்றம் தென்படவில்லை என்று பொருள். இனி ஒருபோதும் வராது என்று பொருளன்று. எச்.பி.வி. பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால் அடுத்த பரிசோதனை 5 முதல் 10 ஆண்டுகளுக்குப் பின் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வி.ஐ.ஏ. அல்லது பாப் ஸ்மியர் என்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறை. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டுச் செயல்வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. என்று வகுத்திருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி, இன்னும் குறுகிய இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும்.

உடலுறவுக்குப் பின் இரத்தக் கசிவு, மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால், முந்தைய முடிவு நெகட்டிவாகவே இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

‘பாசிட்டிவ்’ என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று பொருள். எச்.பி.வி. பாசிட்டிவ் என்பது வைரஸ் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. வி.ஐ.ஏ. பாசிட்டிவ் என்பது வெண்திட்டு தெரிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அடுத்த படி கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கும் கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பது. ஐயம் இருந்தால் சிறு துணுக்குத் திசுவை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்சி.

பயாப்சி அறிக்கையில் சி.ஐ.என். 1, 2, 3 என்ற குறிகள் வரலாம். இவை புற்றின் நிலைகள் அல்ல. புற்றுக்கு முந்தைய மாற்றத்தின் அளவுகள். சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும், கண்காணிப்புப் போதும். 2, 3 என்றால் சிகிச்சை வேண்டும். மாறிய பகுதியை உறையவைத்தோ, சூடேற்றியோ அழிக்கலாம். மின்கம்பி வளையத்தால் அப்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கலாம். இவற்றுக்குப் பொதுவாகக் கருப்பையை நீக்கத் தேவையில்லை. சில இடங்களில் பயாப்சிக்குக் காத்திராமல் பரிசோதனை நாளிலேயே இச்சிகிச்சையைத் தருவதும் ஏற்கப்பட்ட நடைமுறையே. அப்போதும் அழிக்கப்படுவது மாறிய பகுதி மட்டுமே.

திண்டுக்கல் தரும் சான்று

இந்த வேறுபாட்டை நிறுவும் மிக வலுவான சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே வி.ஐ.ஏ. ஆய்வு ஒன்று நடந்தது. அதன் முடிவுகள் 2007இல் ‘லான்செட்’ ஆய்விதழில் வெளிவந்தன. பரிசோதிக்கப்பட்ட 31,343 பெண்களில் 3,088 பேருக்குப் பாசிட்டிவ். அதாவது பத்தில் ஒருவருக்கு. அவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் கால்போஸ்கோபி செய்யப்பட்டது. புற்றுக்கு முந்தைய மாற்றம் காணப்பட்டவர்கள் 1,874 பேர். மூவாயிரத்துச் சொச்சம் பாசிட்டிவ்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த மாற்றம்கூட இல்லை. சீட்டைப் பார்த்தவுடன் ‘புற்று’ என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு இந்த எண்களே போதும்.

அதே ஆய்வு, பரிசோதனை உயிர் காக்கிறது என்பதையும் காட்டியது. பரிசோதனை வழங்கப்பட்ட பகுதிகளில் இந்நோய் 25 விழுக்காடும் இதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. எனவே பரிசோதனையைப் புறக்கணிப்பது தீர்வாகாது. செய்துகொள்ள வேண்டும், செய்த பின் முழுமையாக விளக்கம் பெற வேண்டும்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கலாகாது. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை வழங்கப்படாமல் வழக்கமான கவனிப்பில் விடப்பட்ட 30,958 பெண்கள் அதே மாவட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் 92 பேர் கருப்பை வாய்ப் புற்றால் இறந்தனர். மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் பரிசோதனையின்றி விடப்பட்ட 1,38,624 பெண்களில் 254 பேர் இந்நோயால் மடிந்ததை அமெரிக்க மருத்துவர் எரிக் சுபா வெளிக்கொணர்ந்து, இது அறமா என்று கேட்டார். அப்பகுதிகளில் பரிசோதனையே நடைமுறையில் இல்லாததால் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் வாதிட்டனர். அந்த வாதமே ஒரு குற்றப்பத்திரிகை போலத்தான் ஒலிக்கிறது. ஏழைப் பெண்களுக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதே வழக்கமான கவனிப்பாக இருந்திருக்கிறது.

ஆய்வு முடிந்து கிடைத்த அறிவு அப்பெண்களின் ஊர்களுக்குத் திரும்பி வந்ததா? 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டம் நடத்தி, பின்னர் மாநிலம் முழுதும் விரிவாக்கிய தமிழ்நாட்டிலேயே பத்தில் ஒன்பது பெண்கள் வெளியே நிற்கிறார்கள். 2030க்குள் 70 விழுக்காட்டுப் பெண்களைப் பரிசோதிப்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு.

அச்சம் வணிகமாகும்போது

விளக்கம் மறுக்கப்படுவதன் கொடிய விளைவை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் காண்கிறோம். அங்கிருந்து கரும்பு வெட்டப் புலம்பெயரும் தொழிலாளர் பெண்களில் பலர் இளவயதிலேயே கருப்பையை இழந்திருப்பது 2019இல் பெரும் விவாதமாயிற்று. மாநில அரசு அமைத்த குழுவின் முன் வைக்கப்பட்ட கணக்கெடுப்பில், 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பை நீக்கம் செய்திருந்தனர். ஏறத்தாழ ஆறில் ஒருவர். நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இவ்விகிதம் நூற்றுக்கு மூன்றளவே. தலித், நாடோடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் நிறைந்த தொழில் அது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் கட்ட வேண்டும். வெள்ளைப்படுதலுக்கோ வயிற்று வலிக்கோ மருத்துவரிடம் போனவர்களிடம் “புற்று வந்துவிடும்” என்ற அச்சம் ஊட்டப்பட்டது என்று அப்பெண்களில் பலர் சாட்சி சொன்னார்கள். என் மேசைமீது சீட்டை வைத்த பெண்ணுக்குச் சொல்லப்பட்டதும் அதே வாக்கியந்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சமிரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே நேரடியாகப் பொருந்தும். நோயறிவதற்கான லேப்ராஸ்கோபிக்கு மட்டும் ஒப்புக்கொண்ட பெண், மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் ஒப்புதல் பெற்று, அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. நோயறிவதற்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதலாகாது என்று நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், இடர்கள், மறுத்தால் நேரும் விளைவு ஆகியவை விளக்கப்பட்ட பின் தரப்படுவதே ஒப்புதல். கணவரோ தாயோ போடும் கையெழுத்து, தெளிந்த நிலையில் உள்ள வயதுவந்த பெண்ணின் ஒப்புதலுக்கு ஈடாகாது.

நரேந்திர குப்தா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2023 ஏப்ரலில், தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாவட்ட, மாநில அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைப்பதும் அவற்றில் அடங்கும். உங்கள் மாவட்டத்தில் அக்குழு இருக்கிறதா, எத்தனை முறை கூடியது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மருத்துவமனை வாசலில் நிகழும் தீண்டாமைக்கும் சட்டம் உண்டு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்குகிறது. திருத்தப்பட்டு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குள்ளும் நுழைவதை அச்சமூகங்களைச் சாராத ஒருவர் தடுப்பதைக் குற்றமென்கிறது. ஆனால் இன்றைய தீண்டாமை பெரும்பாலும் வாசலை அடைப்பதில்லை. ‘கடைசியில் வா’ என்கிறது, தொடாமல் பார்க்கிறது, ஊர்த்தெருவில் முகாம் போட்டுவிட்டுக் காலனிக்குத் தகவல் சொல்லாமல் விடுகிறது, சீட்டை நீட்டிவிட்டு விளக்காமல் அனுப்புகிறது. இவற்றைச் சட்டத்தின் சொற்களுக்குள் கொண்டுவருவது கடினம். அதனால்தான் பதிவுகள் தேவைப்படுகின்றன. வெளியிடப்படும் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகளில் வயதுவாரி, இடவாரி அட்டவணைகள் உண்டு. சாதிவாரி அட்டவணை இல்லை. எண்ணப்படாத வேறுபாட்டை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க இயலாது.

1928இல் பம்பாய் சட்ட மன்றத்தில் பேறுகால நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், அதன் சுமையைப் பெருமளவு அரசே ஏற்க வேண்டும் என்றார். தொழிலாளர் பெண்ணின் உடல்நலம் அவளுடைய தனிப்பட்ட சிக்கல் அன்று, பொதுப் பொறுப்பு என்ற அந்த நிலைப்பாடே இன்றும் நம் வாதத்தின் அடித்தளம்.

செய்யக்கூடியவை

கிராமங்களுக்குச் செல்லும் தோழர்களும் மாணவர்களும் நாளையே தொடங்கக்கூடிய பணிகள் சில உள்ளன.

ஒன்று, 30 வயதைக் கடந்த பெண்களிடம் பரிசோதனையை விளக்குவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்; அறுவை இல்லை; திரைமறைவு கேட்கலாம்; பெண் செவிலியரைக் கேட்கலாம்; இடையில் நிறுத்தச் சொல்லலாம். இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.

இரண்டு, பாசிட்டிவ் வந்தவரோடு அடுத்த படிவரை உடன் செல்வது. கால்போஸ்கோபி செய்யும் அரசு மருத்துவமனை எது, எந்நாளில் செய்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து அழைத்துச் செல்ல வேண்டும். ஒருநாள் கூலி, பேருந்துக் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகிய மூன்றும் இல்லாததாலேயே பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

மூன்று, ஆவணங்களைப் பெறுவது. மருத்துவப் பதிவேட்டின் நகலை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவர் நன்னெறி ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. கருப்பையை நீக்கச் சொன்னால், எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். பயாப்சி அறிக்கை இல்லாமல் ‘புற்று’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். இரண்டாவது கருத்தைப் பெறுங்கள்.

நான்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. உங்கள் வட்டாரத்தில் சென்ற ஆண்டு எத்தனை பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர்? எத்தனை பேருக்குப் பாசிட்டிவ்? அவர்களில் எத்தனை பேருக்குக் கால்போஸ்கோபியும் சிகிச்சையும் முடிந்தன? இந்த மூன்று கேள்விகளுக்கு வரும் விடைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் கைவிடப்பட்ட பெண்களின் எண்ணிக்கை.

தடுப்பூசி வருகிறதே, இனிப் பரிசோதனை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தடுப்பூசி வரவேற்கத்தக்கது, பாலுறவு வாழ்வு தொடங்குவதற்கு முன், 9 முதல் 14 வயதில் போடுவதே மிகுந்த பயன் தரும். ஆனால் ஏற்கெனவே முப்பதைக் கடந்துவிட்ட தலைமுறைக்குப் பரிசோதனையே காப்பு. தடுப்பூசி பெற்ற பெண்களும் பின்னாளில் பரிசோதனை செய்துகொள்ளவே வேண்டும். 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல், விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்தைப் பெற்று இத்தடுப்பூசி போடப்பட்டதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. அங்கு நிகழ்ந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமன்று என்றே விசாரணைகள் கூறின. ஆனால் ஒப்புதலில் இழைக்கப்பட்ட முறைகேடு உண்மை. அது விதைத்த அவநம்பிக்கையும் உண்மை. நல்ல மருந்தைக்கூடக் கேட்காமல் தந்தால் நம்பிக்கை முறியும் என்பதே கம்மத்தின் பாடம்.

அந்தப் பெண் அறுவைக்குப் போகவில்லை. மறுவாரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எங்கள் தோழி ஒருவர் உடன் சென்றார். கால்போஸ்கோபி, பயாப்சி இரண்டும் ஆயின. அறிக்கையில் சி.ஐ.என். 1 என்று இருந்தது. “ஓராண்டு கழித்து வாங்கம்மா, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று அங்கிருந்த மருத்துவர் பத்து நிமிடம் உட்காரவைத்து விளக்கினாராம். கட்டிய முன்பணத்தைத் திரும்பப் பெற நாங்கள் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது, பாதிதான் வந்தது. குண்டுமணிகளை மீட்டுவிட்டார். ஓராண்டு வரும் மாதத்தோடு முடிகிறது. மறுபரிசோதனைத் தேதியை அவர் வீட்டுக் காலண்டரிலும் என் அலுவலக நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறோம்.

முகாமிலேயே யாராவது அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.